மிச்சம் பிடித்த ஒரு நிமிடம்

"டீச்சர், மூணு டிஸ்க்ல காப்பி எடுத்து வெச்சேன். மூணும் எப்படி ஒண்ணா கெட்டுப்போகும்?"

கேட்டவர் பக்தவத்சலம். வயது ஐம்பத்தாறு. பாதி வாழ்க்கையை ஒலிப்பதிவுக் கூடத்தில் கழித்தவர்.

டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் எடுக்கிறார். அவரிடம் படித்தவர்களிலேயே பெரிய அவசரக்குடுக்கை நம் பக்தவத்சலம்தான்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி சுலோச்சனா. கழுத்தில் மூச்சு விடும் துளையை மறைத்து மெல்லிய துணி. நான்கு மாதங்களுக்கு முன் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அவர் கணவருக்காக இரண்டு மணி நேரம் பேசிப் போனில் பதிவு செய்து கொடுத்தார். இந்த உலகத்தில் அவர் குரல் அதில் மட்டும்தான் இருந்தது.

"போன்ல இருக்குமே?" என்றார் ஜெசிந்தா.

"கம்ப்யூட்டருக்கு ஏத்தினதும் அழிச்சுட்டேன். இடம் பத்தல."

ஜெசிந்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மூணு காப்பியும் எந்த மிஷின் வழியா போச்சு?"

"என் மிஷின்தான். அதுல இருந்த மூலப் பதிவு மேலயே வேலை செஞ்சு சேவ் பண்ணினேன், அதுவும் போச்சு."

"ரேம் என்ன வேகத்துல ஓடுது?"

வகுப்பில் இந்தக் கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிற மனிதர், இப்போது தரையைப் பார்த்தார்.

"கம்பெனி போட்டிருக்கறதவிட ஏத்தி வெச்சிருக்கேன்."

"ஏத்தினா எட்டு மணி நேரமாவது டெஸ்ட் ஓட்டணும், அதுவரைக்கும் முக்கியமான ஃபைலை உள்ள விடக்கூடாதுன்னு மொத கிளாஸ்லயே சொன்னேனே சார்?"

"கால் மணி நேரம் ஓட்டினேன். ஒரு தப்பும் காட்டல."

"காட்டாது. வேகம் தாங்கலன்னா ரேம் நின்னுபோயிடும்னு நெனச்சீங்களா? ஓடிக்கிட்டேதான் இருக்கும். வாங்கினத கொஞ்சம் மாத்தித் திருப்பிக் குடுக்கும். அது வழியா போன மூணு காப்பியும் எடுக்கும்போதே கெட்டதுதான்."

ஜெசிந்தா மூன்று டிஸ்க்கையும் வேறு மிஷினில் போட்டுப் பார்த்தார். காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம் ஆனது.

"ஒரு வார்த்தையாவது?"

"இல்ல சார்."

பக்தவத்சலம் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். சுலோச்சனா அவர் முதுகில் கை வைத்தார். அது அவரை இன்னும் அழ வைத்தது.

"எதுக்கு சார் வேகத்த ஏத்தினீங்க?"

"அவ பேசறப்போ நடுநடுவுல மூச்சு வாங்கற சத்தம். புஸ்ஸு புஸ்ஸுனு. அத எடுத்துட்டு சுத்தமான குரலா வெச்சுக்கலாம்னு பார்த்தேன். அந்த வேலை ஒவ்வொரு தடவையும் பன்னெண்டு நிமிஷம் இழுத்துது. ரெண்டு பங்கு விலை குடுத்துப் புது ரேம் வாங்கி, வேகத்த ஏத்தி, பதினொண்ணுக்குக் கொண்டுவந்தேன். நாலு மாசமா இதே வேலையாத்தான் கெடந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். என்னத்தக் குடுத்து என்னத்த வாங்கியிருக்கேன்?"

ஜெசிந்தா எழுந்து கம்ப்யூட்டரை அணைத்தார். மேலே சுற்றிய ஃபேனையும் நிறுத்தினார். கடைக் கதவைச் சாத்தினார். மேஜைக் கடிகாரத்தை பக்தவத்சலம் பக்கம் திருப்பி வைத்தார்.

"குடுத்தது உங்களுக்கே தெரியும். வாங்கினதக் காட்டறேன். பேசாம உட்காருங்க."

விநாடி முள் பன்னிரண்டைத் தாண்டியது.

அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

பத்து விநாடி. இருபது.

அப்புறம் கேட்டது. சுலோச்சனாவின் கழுத்துத் துணிக்குப் பின்னாலிருந்து. புஸ்ஸு. புஸ்ஸு.

பக்தவத்சலம் கடிகாரத்தை விட்டுத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் ஆச்சு சார்," என்றார் ஜெசிந்தா.

பக்தவத்சலம் உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினார்.