பாட்டா, வைப்பரா?

வால்பாறை மலைப்பாதையில் மழை கொட்டியது. எஸ்டேட் முதலாளி வரதப்பனின் பழைய காரில் ரேடியோ ஜோராகப் பாடியது, வைப்பர்தான் அசையவில்லை.

"வண்டி பார்க்கிற லட்சணமா இது? இப்பவே சரிபண்ணு, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று டிரைவர் சூசையின் மேல் பாய்ந்தார்.

சூசை வண்டியை ஓரம்கட்டினான். சுவிட்சைத் தட்டினான், மோட்டாரில் சத்தமே இல்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான். வைப்பரின் ஃபியூஸ் ரேடியோவுக்கு இடம் மாறியிருந்தது.

"சரிபண்ணிடலாம் முதலாளி. ஆனா பாட்டு நின்னுடும்."

"வைப்பருக்கும் பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ரேடியோவை ரிப்பேர் பண்ணின மேதையைத்தான் கேட்கணும்."

பின்சீட்டிலிருந்த முதலாளியம்மா களுக்கென்று சிரித்தார். "நேத்து நீங்கதானே, 'மெக்கானிக் எதுக்கு, நானே பண்ணிட்டேன்'னு பீத்திக்கிட்டீங்க?"

சூசை ஃபியூஸை மாற்றினான். வைப்பர் ஆடியது. ரேடியோ நின்றது. பாதியில் நின்ற பாட்டை வீடு வரைக்கும் அம்மாதான் பாடிக்கொண்டு வந்தார்.