கஞ்சிக்குள் கட்டி

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபை ஞானசெல்வம் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார். இந்த வருஷ லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து பாய் சுருட்டும்போது சொன்னார்.

டாக்டர் இன்பராஜ் கத்தியைப் பிடித்தால் கை நடுங்காது என்று பெயர் வாங்கியவர். வேறு ஆபரேஷன்கள் எத்தனையோ செய்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் நெஞ்சு, நுரையீரல் ஆபரேஷன் கற்றுக்கொள்ள டாக்டர் எழிலரசியிடம் வந்து சேர்ந்திருந்தார். குரு அவரைவிட ஐந்தாறு வயது இளையவர். அதில் அவருக்கு வருத்தமில்லை. ஒருநாள் காலையில்தான் கொஞ்சம் வருத்தம் வந்தது.

லாரி ஓட்டும் செல்லத்துரைக்கு நுரையீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அவர்கள்தான் எடுத்திருந்தார்கள். காயம் ஆறிவிட்டதா என்று காட்ட அன்று வந்திருந்தார். இனி கீமோ ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்று எழிலரசி சொல்ல, மாட்டேன் என்றுவிட்டார்.

“டாக்டரய்யா கட்டிய முழுசா எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாவ. பெறவு எதுக்கு ஊசி? தலமுடியெல்லாம் கொட்டிரும்லா. நான் வண்டிக்குப் போவணும்” என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்பராஜுக்கும் அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. குருவின் அறைக்குப் போனார். எழிலரசி கேழ்வரகுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், எடுத்த இடத்துல ஓரத்துலகூட ஒண்ணும் இல்ல. ஸ்கேன்லயும் இல்ல. அப்புறம் யாரோட சண்டை போட அந்த ஊசி?”

“எடுக்கிறதுக்கு முன்னாடியே ரத்தத்துல இறங்கிப் போன புற்றுநோய் அணுக்களோட.”

“ரத்தம் அதுங்களைச் சும்மா விடுமா? ஓட்டத்துல அடிபட்டே பாதி செத்துரும். மிச்சத்தை நம்ம காவல் அணுக்கள் தின்னுரும். ஏதோ ஒண்ணு ரெண்டு பிழைச்சா அதிசயம்.”

“நிஜந்தான்” என்ற எழிலரசி, கஞ்சியிலிருந்து ஒரு கட்டியைக் கரண்டியால் எடுத்து டப்பா மூடியில் வைத்தார். “இதை உடைங்க டாக்டர்.”

“என்ன மேடம், பரீட்சையா?”

“இல்ல, எங்க வீட்டுக்காரர் சமையல். மாவைப் பச்சைத் தண்ணியில கரைக்காம, கொதிக்கிறதுல அப்படியே கொட்டிட்டார்.”

இன்பராஜ் சிரித்துக்கொண்டே உடைத்தார். மேலே வெந்து பசையாக இருந்தது. உள்ளே பச்சை மாவு, ஈரம்கூடப் படவில்லை. ஊதினார், பறந்தது.

“எவ்வளவு நேரம் கொதிச்சுது?”

“அடிபிடிக்கிற வரைக்கும்.”

இன்பராஜின் சிரிப்பு நின்றுவிட்டது.

“தனித்தனியா விழுந்த மாவு கரைஞ்சுபோச்சு. ஒட்டிக்கிட்டு விழுந்தது இப்படி இருக்கு. ரத்தத்துலயும் சேர்ந்து போறதுங்கதான் அதிகம் பிழைக்குது. போதாக்குறைக்கு, நம்ம காயத்தை மூட வர்ற தட்டணுக்களே அதுங்களையும் போர்த்திவிட்டுரும். காவல்காரன் பார்த்தா வீட்டு ஆள் மாதிரி இருக்கும். அப்படியே போய் எலும்புலயோ மூளையிலயோ இறங்கிரும்.”

“செல்லத்துரை உடம்புல அப்படி இருக்கா?”

“தெரியாது.”

“ஊசி போட்டா நிச்சயம் திரும்ப வராதா?”

“நிச்சயம்னு சொல்ல மாட்டேன். வர்றதுக்கான வாய்ப்பு குறையும்.”

“அப்போ நான் அவர்கிட்ட சொன்னது பொய்யா மேடம்?”

“என்ன சொன்னீங்க?”

“கட்டியை எடுத்தாச்சுன்னு.”

“எந்தக் கட்டியை?”

இன்பராஜ் ஜன்னல் வழியே பார்த்தார். வாசலில் செல்லத்துரையின் மனைவி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கையில் ஒட்டிய மாவைக்கூடத் துடைக்காமல் அவர்களிடம் பேசப் படி இறங்கினார்.

செல்லத்துரைக்கு இப்போது இரண்டாவது ஊசி நடக்கிறதாம். இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது அவர் பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.