இருட்டறையில் நாற்பத்தேழு

"அம்மா, எனக்கு விடை கொடுத்துவிடுங்கள். என் கண் சரியில்லை" என்றார் மாசிலாமணி.

அணு ஆராய்ச்சியில் முன்னோடி என்று பெயர் பெற்ற பேராசிரியை சௌந்தரநாயகி, வறுகடலைப் பொட்டலத்திலிருந்து தலை நிமிர்ந்தார்.

"கண்ணுக்கு என்ன?"

"நிமிடத்துக்கு நாற்பத்தேழு மினுக்கம் வர வேண்டும். எனக்கு ஐம்பத்து மூன்று வருகிறது. நாற்பது நாளாக இதே கதைதான்."

அணுத்துகள் ஒன்று திரையில் மோதினால் குண்டூசி முனையளவு ஒளி மினுங்கி மறையும். இருட்டில் அமர்ந்து அதை எண்ணுவதே அந்த ஆய்வுக்கூடத்தின் வேலை.

நாற்பத்தேழு என்பது சௌந்தரநாயகி தமது இருபத்தாறாம் வயதில் கண்டு சொன்ன எண். அவருக்குப் புகழ் தேடித் தந்ததும், பாடநூல்களில் அவர் பெயரோடு அச்சேறியதும் அதுவே. புதிதாக வருபவர் முதலில் அந்த எண்ணை எண்ணிக் காட்ட வேண்டும். காட்டாதவருக்கு அங்கே இடமில்லை.

மாசிலாமணியோ கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்தவர். அவருக்குக் கொடுத்த தவணை அன்று மாலையோடு முடிகிறது.

"உங்களுக்கு முன் வந்த ஒன்பது பேரும் நாற்பத்தேழு காட்டினார்களே!"

"அதனால்தான் சொல்கிறேன், கோளாறு என் கண்ணில்தான்."

"நீங்களும் நாற்பத்தேழு என்று எழுதித் தந்திருக்கலாம். நான் என்ன, பக்கத்திலா உட்கார்ந்திருந்தேன்?"

மாசிலாமணி தலை குனிந்தார்.

"எழுதினேன் அம்மா. மூன்று தடவை. கொண்டுவந்து தரத்தான் கால் எழவில்லை."

சௌந்தரநாயகி கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"வாருங்கள், நானும் எண்ணுகிறேன்."

"தாங்களா! கடைசியாக எப்போது எண்ணினீர்கள்?"

"முப்பது வருடமாயிற்று. பேராசிரியை ஆகிவிட்டால் எண்ணுவதற்கு ஆள் வைத்துவிடுகிறார்களே!"

பட்டப்பகலில் இருட்டறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பத்து நிமிடம் சென்றது.

"எண்ணுவோம்" என்றார் சௌந்தரநாயகி.

"அரைமணி நேரம் இருட்டில் கண்ணைப் பழக்க வேண்டும் என்பது தங்கள் விதியாயிற்றே?"

"விதியெல்லாம் எனக்கென்று ஓர் அறை வந்த பிறகு வைத்தது. அந்த நாளில் ஆண்கள் தேநீர் குடிக்கப் போகும் அரைமணிதான் எனக்குக் கிடைக்கும். பத்து நிமிடம் கண் பழக, மிச்சம் எண்ண. அந்தப் பழக்கம் போகவில்லை. எண்ணுங்கள்!"

நிமிடம் முடிந்து கடிகாரம் 'டிங்' என்றது.

"எனக்கு நாற்பத்தேழு" என்றார் அவர்.

"நாற்பத்தேழு! எனக்கும் நாற்பத்தேழு!" மாசிலாமணி துள்ளி எழுந்ததில் முழங்கால் மேசையில் இடித்தது. வலி தெரியவில்லை. "நல்ல கண்தான் அம்மா! நான் பிழைத்தேன்!"

"மேசை பிழைக்காது போலிருக்கிறதே. உட்காருங்கள். அரைமணி ஆகட்டும், இன்னொரு தடவை எண்ணுவோம்."

மாசிலாமணிக்கு உட்கார மனமில்லை. ஆயினும் உட்கார்ந்தார்.

அரைமணி கழித்து எண்ணி முடிந்ததும் மறுபடியும் கடிகாரம் 'டிங்' என்றது.

"இந்தத் தடவை முதலில் நீங்கள் சொல்லுங்கள்."

நாற்பத்தேழு என்ற சொல் மாசிலாமணியின் நுனிநாக்கு வரை வந்து நின்றது.

"ஐம்பத்து மூன்று" என்றார்.

"அம்மா, தங்களுக்கு?"

இருட்டுக்குள் கலகலவென்று ஒரு சிரிப்பு வெடித்தது.

"ஐம்பத்து மூன்றேதான்! பத்து நிமிடக் கண்ணுக்குப் படாத மங்கலான அந்த ஆறும் முப்பது வருடமாக என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியிருக்கின்றன, மாசிலாமணி!"

"அப்படியானால் அந்த ஒன்பது பேர்?"

"மரியாதை தெரிந்தவர்கள். ஆளுக்கு ஆறு விழுங்கிவிட்டார்கள்."

அவர் சிரித்து ஓயும்வரை மாசிலாமணி பொறுத்திருந்தார்.

"பாடநூலில் தங்கள் பெயரோடு அச்சாகிவிட்டதே அம்மா!"

"அதற்கென்ன, திருத்தி மறுபடியும் அச்சடிக்கட்டும். அச்சகத்தாருக்கும் வேலை வேண்டாமா?"

மாசிலாமணி இருட்டில் தடவித் தடவிக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தார்.

"ஐம்பத்து மூன்று என்று இப்போதே எழுதிவிடட்டுமா? நான் இங்கேயே இருக்கலாம் அல்லவா?"

சௌந்தரநாயகி அவருடைய சட்டைக் கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தார்.

"இருங்கள், இருங்கள்! கதவை மட்டும் திறந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் இருந்தால் எத்தனை வருகிறதென்று பார்க்க வேண்டும்."