எட்டு வரி

“என்னைத் தனியா விட்டிருந்தா நேத்தே முடிச்சிருப்பேன், ஜெசிந்தா.”

ஓசூரில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து குலசேகரன் சொன்னார்.

ஜெசிந்தா இருந்தது குளச்சலில், தன் வீட்டில். ஹெட்போனில் அந்த ஊர்க் கடல் கேட்டது.

அவர்கள் குழுவில் ஆறு பேர், ஆறு ஊர். தினமும் இருவர் இருவராகச் சேர்ந்து, அவரவர் வீட்டிலிருந்தே ஒரே புரோகிராமை எழுத வேண்டும். ஒருவர் டைப் செய்வார், மற்றவர் வழி சொல்வார். ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியட்டும் என்று ஜெசிந்தா கொண்டுவந்த வழக்கம் அது. குலசேகரனைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் சந்தேகம் என்றால் எல்லோரும் போய் நிற்பது அவரிடம்தான்.

குலசேகரன் போய் நின்றதில்லை.

மீன்பிடிப் படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்புகிற புரோகிராம் அது. ஒன்பது வருடத்துக்கு முன் அதைத் தனி ஆளாக எழுதியவர் அவர். போன வாரம் ஓர் எச்சரிக்கை நாற்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தது. ஒரு படகு கவிழ்ந்தது. அதிலிருந்த மூன்று பேரும் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். அன்றிலிருந்து குலசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. தேடிக்கொண்டே இருக்கிறார். தப்பு அகப்படவில்லை.

“முழுக்க நான் எழுதினது. அதுல எனக்குத் தெரியாத இடம் கிடையாது. இன்னொருத்தருக்கு விளக்கிட்டு உட்கார்ந்தா நேரம்தான் போகும்.”

“சரி சார். இன்னைக்கு நான் டைப் பண்றேன். நீங்க சொல்லுங்க.”

“ஸ்கிரீனைக் காட்டுங்க.”

“காட்டப் போறதில்ல. கண்ணை மூடிக்கிட்டு, நீங்க எழுதினதை முதல் வரியிலேருந்து அப்படியே சொல்லுங்க.”

விளையாடுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தார். அந்த மூன்று பேரின் நினைப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

சொல்லத் தொடங்கினார். அங்கே கீபோர்டுச் சத்தம் மெல்லத் தூறியது.

சொல்லச் சொல்ல அறை விலகிப் போயிற்று. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மங்கிவிட்டது. குரல் மட்டும் வரி வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் எங்கோ தொலைவில், வேறொருவர் கையில் அசைந்தன. புரோகிராமுக்குள் கரையிலிருந்து செய்தி வந்தது. படகுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக இருட்டில் மிதந்து போயின. ஒன்பது வருடத்தில் அந்தப் பெயர்களை அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சுகமாக இருந்தது.

“அப்புறம் ஒரு எட்டு வரி வரும். அதை அப்படியே போட்டுடுங்க.”

கீபோர்டுத் தூறல் நின்றது.

“என்ன எட்டு வரி சார்?”

“எப்பவும் போடுறதுதான். பழைய வேலை ஒண்ணுலேருந்து எடுத்து வச்சது.”

“அது என்ன செய்யும்?”

“அது... வர்ற செய்தியை வாங்கி...”

“வாங்கி?”

“வச்சிருந்து, அப்புறம் அனுப்பும்.”

“எவ்வளவு நேரம் வச்சிருக்கும்?”

குலசேகரன் கண்ணைத் திறந்தார். அந்த நாற்பது நிமிடம் நினைவுக்கு வந்தது.

ஹெட்போனில் கடல் வந்து வந்து போயிற்று.

“எனக்குத் தெரியல,” என்றார். அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது.

“எனக்கும் தெரியல சார்,” என்றார் ஜெசிந்தா. “வாங்க, பார்ப்போம்.”