சாரி வேலை செய்யவில்லை

கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த தவசிக்கனி, தன்னைவிட இருபது வயது இளையவளான ஜெபராணி டீச்சரிடம் ஆங்கிலம் கற்றார். மதியம் கடையில் ஆள் குறைந்ததும் அவள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒருநாள் அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. தரையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. நீங்க சொல்லிக்கொடுத்த சாரி வேலை செய்யல டீச்சர்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"வீட்டுக்காரிகிட்டதான். அவ அண்ணன் சாப்பிட வந்திருந்தான். மீன் குழம்புல உப்பு கூடிப்போச்சு. 'உப்பு போடக்கூட உங்க வீட்டுல சொல்லித்தரலியா'ன்னு அவன் முன்னாலேயே கேட்டுட்டேன். அவன் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுட்டான்."

"அக்கா?"

"சோத்தைப் போட்டு மூடி வச்சிட்டு உள்ள போயிருதா. சாப்பிட வாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது. நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். எப்ப திரும்பி வருவேன்னு சொல்லல."

"நீங்க சாரியை எப்படிச் சொன்னீங்க?"

"எப்படின்னா? கடையில சீனி தீந்துபோச்சுன்னா சொல்லுவேன்லா, அதே மாதிரிதான். இங்கிலீஷ்ல சொன்னா ஒரு மரியாதையா இருக்குமேன்னு பார்த்தேன்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவர் அலுப்போடு காலை நீட்டினார். கீழே கிடந்த புத்தகத்தில் கால் பட்டது. சட்டென்று குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அதுகிட்ட சாரி சொல்லலையே அண்ணாச்சி?"

"கால் பட்டா மனசு பதறுதுலா. பதறும்போது வார்த்தையா வரும்?"

"சாரிங்கிற வார்த்தையும் அப்படிப் பிறந்ததுதான். மன்னிப்புங்கிற அர்த்தமெல்லாம் பின்னால வந்தது. ஆதியில அதைச் சொன்னவன், எனக்கு வலிக்குதுன்னு சொன்னான். புண்ணுக்கு இங்கிலீஷ்காரங்க வச்ச 'சோர்'ங்கிற பேரும் இந்த சாரியும் ஒரே வேர்."

தவசிக்கனி யோசித்தார்.

"எனக்கு எங்க டீச்சர் வலிக்குது? அவளுக்குல்லா வலிச்சிருக்கும். அண்ணன் வாரான்னா விடியும்போதே போய் மீன் வாங்கிட்டு வந்துருவா. அவன் தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பா. அன்னைக்கும் நின்னா. அவன் எந்திரிச்சதும் அந்த இலையை அவளேதான் எடுத்தா. நான் பார்த்துக்கிட்டு..."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சற்றுப் பொறுத்து அவர் கேட்டார்.

"இதை இங்கிலீஷ்ல எப்படி டீச்சர் சொல்ல?"

"அவ்வளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. இப்ப சொன்னபடியே அக்காகிட்டப் போய்ச் சொல்லுங்க."