எங்கெல்லாம் தொட்டீங்க?

அந்த அறையில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குருவின் பெயர் மெஹர்நிஷா. பதினொரு ஊர்களின் ரத்த வங்கிகள் ஒரே சர்வரில் வேலை செய்தன. எந்த ஊரில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்பதை மற்ற ஊர்கள் அதில்தான் பார்த்தன. அந்த சர்வர் அவர் பொறுப்பில் இருந்தது.

சீடர் தில்லைநாயகம் இருபத்தாறு வருஷம் ரெக்கார்ட் ரூமில் இருந்தவர். ரெக்கார்ட் ரூமை மூடியதும் இங்கே மாற்றினார்கள்.

படமோ பட்டனோ இல்லாத கறுப்புத் திரை முதல் நாளே அவரை மிரட்டியது. டைப் செய்த கமாண்டை ஷெல் என்ற புரோகிராம் வாங்கிக்கொள்ளும். செய்துவிட்டு ஒன்றும் சொல்லாது. கர்சர் மட்டும் அடுத்த வரியில் வந்து துடிக்கும்.

"ஏன் மேடம் பதிலே வரல?"

"வேலை முடிஞ்சிடுச்சு சார். அதான் பதில்."

"தப்பான வேலையா இருந்தா?"

"அப்பவும் இப்படித்தான் இருக்கும்."

இரண்டு மாதத்தில் விரல்கள் பழகிவிட்டன. ஒரு திங்கட்கிழமை மெஹர்நிஷா அவருக்கு ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்தார். ரூட்டாக நுழைந்தவர் யாருடைய ஃபைலையும் திறக்கலாம், பூட்டலாம், அழிக்கலாம். மெஷின் ஏன் என்று கேட்காது.

"என்டர் தட்டுறதுக்கு முன்னாடி எந்த ஃபோல்டர்ல நிக்கிறீங்கன்னு ஒரு தடவை பார்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மெஹர்நிஷா பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தார். தில்லைநாயகம் தன்னுடைய பயிற்சி ஃபோல்டரை மற்றவர்கள் திறக்க முடியாதபடி பூட்டிப் பார்க்க நினைத்தார். ரூட்டாக நுழைந்தார். இங்கிருந்து கீழே இருக்கும் எல்லாவற்றையும் பூட்டு என்று கமாண்ட் கொடுத்தார். எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவில்லை.

ஷெல் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் பார்த்தார். அவர் நின்றது பதினொரு ரத்த வங்கிகளின் ஃபோல்டரில்.

திறந்துவிடலாம் என்று இன்னொரு கமாண்ட் கொடுத்தார். அது சரியாக இல்லை என்று தோன்ற, அதற்கு மேலே உள்ள ஃபோல்டருக்குப் போய் மூன்றாவது. எல்லாவற்றையும் தன் பெயருக்கு மாற்றினால் திறக்குமோ என்று நான்காவது. ஐந்தாவது எதற்கென்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் கர்சர் அடுத்த வரிக்கு வந்து துடித்தது.

போன் அடித்தது. மலைக்கரை ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் கற்பகவல்லி.

"சார், அனுமதி இல்லைன்னு வருது ஸ்கிரீன்ல. என்னாச்சு?"

"பார்க்கிறோம்மா."

"சீக்கிரம் சார். பிரசவமான பொண்ணு ஒண்ணு, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. ஓ நெகட்டிவ். இருந்த ஒரு பையையும் ஏத்தியாச்சு. வேற எந்த ஊர்ல இருக்குன்னு பார்க்க முடியல."

"பார்க்கிறோம்" என்று மறுபடி சொல்லிவிட்டு வைத்தார்.

சஸ்பெண்ட் செய்வார்கள். விசாரணை வரும். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. மகள் கல்யாணம் இருக்கிறது. கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. டைப் செய்த வரிகளையெல்லாம் ஷெல் ஹிஸ்டரி என்ற பெயரில் நினைவில் வைத்திருக்கும். அதை, அது பதிந்திருந்த ஃபைலோடு சேர்த்து அழித்தார்.

அதற்கும் ஷெல் ஒன்றும் சொல்லவில்லை.

மெஹர்நிஷா உள்ளே வரும்போது அவர் கையிலிருந்த மொபைலும் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு சார்?"

"தெரியல மேடம். நான் எதையும் தொடல. தானா நின்னுடுச்சு."

மெஹர்நிஷா உட்கார்ந்தார். பழைய வரியைக் கொண்டுவரும் மேல் அம்புக்குறியைத் தட்டினார். எதுவும் வரவில்லை. மறுபடி தட்டினார்.

"இதுல என் வரிங்களும் இருந்துச்சு சார்" என்றார். "நாலு வருஷத்து வரிங்க."



மெஹர்நிஷா அவரைத் திட்டவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒரு பூட்டு தெரியுது. வேற எதெல்லாம் மாறியிருக்குன்னு தெரியல. பேக்கப்புல இருந்து மொத்தமா திருப்பினா மூணு மணி நேரம். எங்க மாறியிருக்குன்னு தெரிஞ்சா பத்து நிமிஷம்."

மேஜை போன் மறுபடி அடித்தது. மெஹர்நிஷா எடுக்கவில்லை. தில்லைநாயகம் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"நீங்க பேசுங்க."

எடுத்தார்.

"சார், ஒவ்வொரு ஊருக்கா போன் போட்டுப் பார்க்கிறேன். நாலு ஊர்ல எடுக்கவே இல்ல." கற்பகவல்லிக்கு மூச்சு வாங்கியது. "குளிருது குளிருதுங்குறா சார் அந்தப் பொண்ணு. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு டாக்டர் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?"

தில்லைநாயகம் மெஹர்நிஷாவைப் பார்த்தார்.

"கேட்கிறாங்கல்ல, சொல்லுங்க சார். மூணு மணி நேரமா, பத்து நிமிஷமா?"

தூரத்தில் யாரோ யாரையோ ஓடச் சொல்வது கேட்டது.

"பத்து நிமிஷம்மா" என்றார்.

போனை வைத்தார். "நான்தான் மேடம். அஞ்சு கமாண்ட். பயத்துல எல்லாத்தையும்..."

"அதெல்லாம் அப்புறம். எங்கெல்லாம் தொட்டீங்க?"

நான்கைச் சொன்னார். ஐந்தாவது வரவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கண்ணை மூடுங்க" என்றார் மெஹர்நிஷா. "மேஜை மேல டைப் பண்ணுங்க. யோசிக்காதீங்க."

அவர் கண்ணை மூடினார். விரல்கள் வெறும் மரப்பலகையில் ஓடின. மெஹர்நிஷா குனிந்து அந்த விரல்களையே பார்த்தார்.

"புரிஞ்சுது" என்றார்.

எந்த ஃபைலை யார் திறக்கலாம் என்ற பட்டியலை அந்த சர்வர் தினமும் ஒரு பிரதி எடுத்து வைக்கும். அந்த ஐந்து கமாண்ட் தொட்ட இடங்களை மட்டும் அதைப் பார்த்துப் பழையபடி மாற்றினார். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. திரைகள் திறந்தன. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் ஓ நெகட்டிவ் இரண்டு பை இருந்தது. ஜீப் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது.

பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை.

தில்லைநாயகம் சாப்பிடப் போகவில்லை. போன் அடித்தபோதெல்லாம் எழுந்து நின்றார். இரண்டு முறை அவரே கையை நீட்டி, டயல் செய்யாமல் எடுத்துக்கொண்டார். மூன்றேகாலுக்குக் கற்பகவல்லி கூப்பிட்டார்.

"உயிர் பிழைச்சுட்டா சார். கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க."

"லேட்டானதாலயாம்மா?"

"தெரியல சார். டாக்டர் ஒண்ணும் சொல்லல."

அன்று மாலை தில்லைநாயகம் நடந்ததை ஒரு பக்கம் எழுதினார். ஹிஸ்டரியை அழித்ததையும் எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டினார். மெஹர்நிஷா படித்துவிட்டு அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'இவருக்கு ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்தது நான். தனியாக விட்டுப் போனதும் நான்.' அதன் கீழே தானும் கையெழுத்துப் போட்டு மேலதிகாரிக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை தில்லைநாயகம் வந்தார். தன் நாற்காலிக்குப் போகவில்லை. கதவோரமாகவே நின்றார்.

"பாஸ்வேர்டை மாத்திடுங்க மேடம். எனக்கு வேண்டாம்."

"ஏன் சார்?"

"பயமா இருக்கு."

"நேத்து ஹிஸ்டரியை அழிச்சீங்களே, அப்பவும் பயமாத்தானே இருந்துச்சு?"

"ஆமா மேடம்."

"அப்ப யாரை நினைச்சுப் பயந்தீங்க?"

அவர் தலை குனிந்தது. "என்னை நினைச்சுத்தான்."

"இப்ப?"

தில்லைநாயகம் மேஜை மேலிருந்த போனைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணை" என்றார். "அவ பேரு கூட எனக்குத் தெரியாது மேடம்."

மெஹர்நிஷா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பினார்.

"உட்காருங்க சார்."