வேஷத்தை மாத்திடவா, ஐயா?

எலிம்குளம் கிறிஸ்தவக் கோயிலைப் பெருக்கித் துடைப்பவள் ஞானப்பூ. ஞாயிற்றுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குவதும் அவள்தான். அரிசி மில் முதலாளி அருமைநாயகத்துக்கோ, தான் இல்லாவிட்டால் கோயில் மணியே அடிக்காது என்று நினைப்பு.

ஒருநாள் அவர் வந்து உத்தரவு போட்டார். "இந்தத் தடவை ஒரே காட்சிதான். இயேசுவோட மகிமை சின்னப்பிள்ளைக்கும் புரியணும், பெரியவனுக்கும் புரியணும். இயேசு வேஷம் எனக்கு. யாருக்காவது புரியலேன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது."

"ஆகட்டும் ஐயா" என்றாள் ஞானப்பூ.

ஒத்திகைப் பக்கமே வராத முதலாளி, நாடகத்தன்று பட்டு அங்கியும் ஜரிகைக் கிரீடமுமாய் மேடையேறினார். திரை விலகியது. பன்னிரண்டு பிள்ளைகள் பெஞ்சில் சேற்றுக்காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் இருந்தன.

முதலாளிக்கு முகம் சிவந்தது. "சிம்மாசனம் எங்கே? இதுக காலை நான் கழுவணுமா?"

சபை முழுக்கக் கேட்கும்படி ஞானப்பூ பணிவாய்ச் சொன்னாள்: "சீஷர்களுக்கு இயேசு அப்படித்தான் கழுவினார் ஐயா. சிம்மாசனத்துல உக்காந்து, தண்ணி கொண்டாரச் சொல்லி, தன் கையை மட்டும் கழுவிக்கிட்டவன் அவரைச் சிலுவைக்கு அனுப்பின பிலாத்து. வேஷத்தை மாத்திடவா?"

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. முதலாளி அங்குமிங்கும் பார்த்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முட்டி சடசடக்கக் குனிந்தார். முதல் பிள்ளை கூச்சம் தாங்காமல் சிரித்தது. நாலாவது பிள்ளைக்கு வருவதற்குள் அவரும் சிரித்துவிட்டார்.

மறுவருஷம் நாடகத்துக்கு வேஷம் பிரித்தபோது, முதல் ஆளாய் வந்து நின்றவர் அருமைநாயகம்தான். தோளில் சொந்தமாய் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார்.